சாண்ட் பிளாஸ்டிங் வேலை செய்யும் அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது. இது டி.பி.யா, வேலையால் வந்ததா?

திருவொற்றியூரில் வசிக்கும் உங்கள் அண்ணன் 14 ஆண்டுகளாக மணலி, எண்ணூர் வட்டாரத்தில் கான்ட்ராக்ட் முறையில் டேங்குகளுக்கும் பைப்புகளுக்கும் மணல் அடித்துத் துரு நீக்குகிறார் என்றும், ஓராண்டாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து டி.பி. மருந்து தொடங்கி மூன்று மாதமாகியும் மாற்றமில்லை. இன்னொருவர் பீடியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்கிறார். எங்கே காட்டுவது, வேலையால் வந்ததென்றால் எப்படி நிரூபிப்பது, வேலையை விட வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். நான் மருத்துவர் அல்ல. வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில், நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் டெக்னீஷியனாக நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் மூச்சுத் திணறலுக்குத் தயாராக மூன்று காரணங்கள் இருக்கின்றன: பீடி, டி.பி., ஊர்க் காற்று. மூன்றுமே பொய்யல்ல என்பதுதான் சிக்கல். பீடி பிடிப்பவர்கள் அதிகம். நெருக்கமான வீடுகளில் டி.பி. எளிதாகப் பரவுகிறது, அனல் மின் நிலையச் சாம்பலும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையும் யாருக்கும் தெரியாதவை அல்ல. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரி இறக்குமதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்படும் வரை ராயபுரத்தில் கொடியில் காயும் வேட்டியில்கூடக் கரித்தூள் படிந்தது. இப்படி உண்மையான காரணங்கள் மூன்று கைவசம் இருப்பதால், நான்காவதாக ஒன்றை, அதாவது அந்த மனிதர் நாள்தோறும் எட்டு மணி நேரம் என்ன செய்கிறார் என்பதை, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கூட்டமான ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் மருத்துவர் கேட்காமல் விட்டால் அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் கேட்கப்படாத அந்தக் கேள்விக்கான பதிலை நோயாளியே எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்பதே நான் சொல்ல வந்ததில் முக்கியமானது.

மணலில் இருக்கும் படிகச் சிலிகா, காற்றழுத்தத்தில் இரும்பின்மேல் மோதி நொறுங்கும்போது மிக நுண்ணிய துகளாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். ஐந்து மைக்ரானுக்குக் குறைவான, கண்ணுக்குத் தெரியாத துகளே நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை இறங்குகிறது. அங்கே அதை விழுங்கி அழிக்க வரும் பாதுகாப்பு அணுக்கள் தாங்களே செத்துப்போகின்றன. அவை விட்டுச்செல்லும் இரசாயனங்களால் அழற்சி உண்டாகி, சுற்றிலும் தழும்பு விழுகிறது. வெளிப்பட்ட துகளை அடுத்த அணு விழுங்கி அதுவும் சாகிறது. சிலிகாவால் இப்படி நுரையீரலில் தழும்பு விழும் நோய்க்குப் பெயர் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் அது முற்றுவதற்கு இதுவே காரணம். பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தூசியில் இருந்தவர்களுக்கு இந்நோய் வெளிப்படும். மணல் அடிப்பது போன்ற தூசி மிகுந்த வேலையில் ஐந்து முதல் பத்து ஆண்டுகளிலேயே வந்துவிடுவதுண்டு. பிரிட்டனில் 1950 வாக்கிலேயே இந்த வேலைக்கு மணலைப் பயன்படுத்துவதைத் தடை செய்துவிட்டார்கள். கார்னெட், செம்புக் கசடு, இரும்புக் குருணை என்று மாற்றுகள் இருக்கின்றன. நம் ஊரில் மணல் மலிவு, அவ்வளவுதான்.

வேலையால் வரும் மூச்சுக்கோளாறு எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பெரம்பூர்ப் பக்கம் 1996-இல் மூடப்பட்ட பின்னி மில்லின் பழைய தொழிலாளர்களிடம் பேசினால், ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும், வாரம் நகர நகரத் தளரும் என்பார்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸின் அடையாளம் அது. பெயின்ட் ஸ்ப்ரே அடிப்பவருக்கும் பேக்கரியில் மாவு பிசைபவருக்கும் வரும் ஆஸ்துமா நேர்மாறாக, வாரக் கடைசியை நோக்கி ஏறி, ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தால் குறைந்துவிடும். இவர்கள் ஊதும் வேகத்தை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை வாங்கி, வேலை நாள், விடுமுறை நாள் இரண்டிலும் தினமும் நான்கு முறை ஊதி, சில வாரங்களுக்கு எழுதி வந்தால், அந்த ஒரு தாளே மருத்துவருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும். சிலிகோசிஸுக்குக் கிழமை கிடையாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் குறையாது. ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். அண்ணனிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

அடுத்து, ஒரு முழுத்தாள் எடுத்து அவருடைய வேலை வரலாற்றை எழுதுங்கள். இப்போதைய வேலை மட்டும் போதாது. பள்ளியை விட்ட நாளிலிருந்து செய்த ஒவ்வொரு வேலையும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த இடத்தில், யாரிடம் என்று வேண்டும். அதற்குள்ளே என்ன பொருள் கையாண்டார், திறந்தவெளியிலா டேங்குக்குள்ளேயா, நாளுக்கு எத்தனை மணி நேரம், தண்ணீர் தெளித்தார்களா, முகத்தில் என்ன கட்டிக்கொண்டார், உடன் வேலை செய்தவர்களில் யாருக்காவது இருமல் உண்டா, யாராவது சின்ன வயதில் டி.பி. என்று சொல்லப்பட்டு இறந்தார்களா என்பதெல்லாம் இடம்பெற வேண்டும். மருத்துவரிடம் "வெல்டிங் வேலை", "கம்பெனி வேலை" என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் ஒருவர் மணல் அடிக்க, அதே டேங்குக்குள் இவர் வெல்டிங் செய்தார் என்பது மூன்றாவது முறை கேட்கும்போதுதான் வெளியே வரும். தேதிகள் நினைவில்லாவிட்டால் பி.எஃப். பாஸ்புக்கை ஆன்லைனில் எடுத்துப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் பெயரில் எந்த மாதம் பணம் கட்டப்பட்டது என்பது அதில் இருக்கும், பின்னால் சாட்சியாகவும் உதவும். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்கச் சொல்லி இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-இலேயே எழுதிவைத்தார். ஓ.பி. சீட்டில் இன்றும் அதற்கென்று ஒரு வரி இருப்பதில்லை.

டி.பி. விஷயத்துக்கு வருவோம். சிலிகோசிஸில் எக்ஸ்ரேயின் மேற்பகுதியில், இரண்டு பக்கமும், சிறு சிறு வட்டப் புள்ளிகள் தெரியும். வேலையைப் பற்றித் தெரியாமல் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது டி.பி.யாகவே தோன்றும், குறிப்பாக, நுரையீரல் முழுவதும் தினையளவில் பரவும் வகை டி.பி.யோடு குழப்பிக்கொள்வது எளிது. இதற்கு மேல் இன்னொரு முடிச்சும் உண்டு: சிலிகா படிந்த நுரையீரலில் டி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே மருந்துக்குக் கேட்கவில்லை என்பதால் டி.பி. இல்லை என்று நீங்களாக முடிவு செய்யக்கூடாது. டி.பி.யே இல்லாமல் இருக்கலாம்; மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம்; டி.பி. அடங்கி, அதன் அடியில் இருந்த தூசி நோயின் மூச்சுத் திணறல் மட்டும் மிஞ்சியிருக்கலாம். மருந்து தொடங்கும் முன் சளிப் பரிசோதனை செய்தார்களா என்று பழைய சீட்டுகளில் தேடுங்கள். சிபிநாட் என்று சொல்லப்படும் சளிச் சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஓடத் தொடங்கினால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று காட்டிவிடும். மருத்துவர் சொல்லும் வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம். சிலிகோசிஸோடு டி.பி.யும் இருந்தால் வழக்கமான ஆறு மாதத்துக்கு மேலும் நீட்டிப்பதுண்டு.

எக்ஸ்ரேயில் சந்தேகம் இருந்தால், நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். நம்பத்தக்க வேலை வரலாறும் பொருந்தும் படமும் இருந்து, வேறு நோய் இல்லை என்றும் ஆகிவிட்டால், சதை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

அதன்பிறகு என் மேசைக்கு வருவார்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்குக்குக் கிளிப் போட்டு, அட்டைக் குழாயை உதடு இறுக்கிப் பிடிக்கச் சொல்வோம். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வீச்சில் வெடிப்பது போல ஊதி, உள்ளே ஒன்றுமில்லை என்று தோன்றிய பிறகும் ஆறு விநாடி வரை ஊத வேண்டும். "இன்னும், இன்னும், விடாதீங்கண்ணா" என்று நாங்கள் கத்துவது வெளியே காத்திருப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பாதியில் இருமிவிட்டாலோ குழாய் ஓரமாகக் காற்று கசிந்தாலோ அந்த ஊதல் செல்லாது. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மூன்று நல்ல ஊதல்கள் கிடைக்கும் வரை விடமாட்டோம். பிறகு இன்ஹேலர் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடியும் ஊதச் சொல்வோம். முதல் விநாடியில் வெளியேறும் காற்று, மொத்தக் காற்றில் எழுபது சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு. மொத்தக் கொள்ளளவே சுருங்கியிருந்தால் நுரையீரல் இறுகியிருக்கிறது என்ற சந்தேகம். தூசி நோயில் இரண்டும் கலந்து வரலாம், தொடக்கத்தில் எல்லாம் இயல்பாகவும் இருக்கலாம். அதனால் ரிப்போர்ட் நார்மல் என்பதை வைத்து நோயே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்தாலோ சளியில் ரத்தம் வந்திருந்தாலோ ஊதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவும், ஓட்டேரியில் நெஞ்சக நோய்களுக்கென்றே உள்ள அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம், கே.கே. நகர் இ.எஸ்.ஐ.யில் தொழில்சார் நோய்களுக்கென்று தனி மையம் உண்டு, அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பழைய எக்ஸ்ரே ஒன்றைக்கூட விடாமல் எடுத்துப் போங்கள். ஐந்து ஆண்டுக்கு முந்தைய படம் இன்றைய ஸ்கேனைவிட அதிகம் பேசும்.

சிகிச்சை என்று வரும்போது ஒளிக்காமல் சொல்கிறேன்: விழுந்த தழும்பை நீக்கும் மருந்து கிடையாது. செய்யக்கூடியவை, மேலும் தூசி போகாமல் தடுப்பது, பீடியை அறவே விடுவது, மூச்சுக்குழாய் அடைப்பு இருந்தால் இன்ஹேலர், ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் வீட்டிலேயே ஆக்சிஜன். தழும்பு வேகமாகக் கூடும் சிலருக்கு நின்டெடானிப் போன்ற மருந்துகளை நிபுணர்கள் யோசிப்பதுண்டு. பீடியை விடுவதை இரண்டாம் பட்சமாக நினைக்க வேண்டாம். படிகச் சிலிகாவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997-இல் வகைப்படுத்தப்பட்டது, புகை அதோடு சேர்ந்துகொள்கிறது. இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் "மூச்சுக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது வழக்கம். இரண்டு நாள் பறப்பது போல இருக்கும்; தொடர்ந்து விழுங்கினால் எதிர்ப்புச் சக்தி குறைந்து, ஒளிந்திருக்கும் டி.பி. தலைதூக்கும். சிலிகா நுரையீரலுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

நிரூபிப்பதைப் பற்றி: சிலிகோசிஸ், மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே பட்டியலிடப்பட்டது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் அது வேலையில் ஏற்பட்ட காயத்துக்குச் சமம். மருத்துவக் குழு ஊனத்தின் அளவைக் கணித்தால் மாதாந்தரப் பலன் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள், கான்ட்ராக்டர் பணம் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது; பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்து வந்த தூசி நோய்க்கு அவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதைத் தொடர்கிறது. எனவே கேட் பாஸ், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதையும் தூக்கி எறியாதீர்கள். மனு கொடுக்கக் காலவரம்பு உண்டு என்பதால், நோய் உறுதியானதும் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் துறை அலுவலகத்தையோ அணுகுங்கள். நடைமுறையில் இழுத்தடிப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலையை விட வேண்டுமா என்றால், மணல் அடிப்பதை இன்றே விட வேண்டும். முகத்தில் ஈரத்துண்டு கட்டுவதும் பச்சை மாஸ்க் போடுவதும் கண்ணுக்குத் தெரியாத துகளைத் தடுக்காது. மணல் அடிக்கும் இடத்தில் என்-95 கூடப் போதாது, வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் வழியாக அனுப்பும் ஹெல்மெட் வேண்டும். குடும்பம் நடக்க வேண்டுமே என்ற கவலை எனக்கும் புரிகிறது. அதே கான்ட்ராக்டரிடம் ஸ்டோர், வண்டி, கேட் போன்ற தூசியில்லாத வேலையைக் கேட்டுப் பாருங்கள். "தூசியில் வேலை செய்யக்கூடாது" என்று மருத்துவர் எழுதித்தரும் சீட்டு அதற்கு உதவும். அதோடு, அண்ணனுடைய செட்டில் இருக்கும் மற்றவர்களையும் மூச்சு வாங்கும் வரை காத்திராமல் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அதே டேங்க், அதே மணல்தான்.