மகன் எழுதட்டும், தரகரிடம் போக வேண்டாம்

கேள்வி: கொக்குவிலில் வசிக்கிறேன். இலத்திரனியல் பொறியியல் படிக்கும் என் மகன், இலத்திரனியல் போர்முறை பற்றிய இணையச் சொற்களஞ்சியம் ஒன்றில் இரவிரவாக மூழ்கிக் கிடக்கிறான். அதில் ‘சீ பாண்ட்’ என்ற வானொலி மீடிறன் (அதிர்வெண்) வரம்பு பற்றிய பதிவு பிழையாம், திருத்தப் போகிறானாம். போர், ராடார் என்று கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது. பிரச்சினை ஏதும் வருமா? இதற்கிடையே, பங்களிப்பாளர் சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும், எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் ஐயா. மகனின் வேலையைப் பற்றிப் பிறகு பேசுவோம். இந்தப் பணக் கதையை முதலில் முடித்துவிடுவோம்.

யாரும் திருத்தக்கூடிய சொற்களஞ்சியங்களில் எழுதுவதற்குக் கட்டணம் கிடையாது. யார், எதை, எந்த நேரத்தில் மாற்றினார் என்பது ஒவ்வொரு பதிவின் திருத்த வரலாற்றிலும் தானாகவே ஏறிவிடும். விண்ணப்பத்தில் அந்தப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்தால் போதும். பார்க்க விரும்பும் பேராசிரியர் பார்த்துக்கொள்வார். பொன்னிற ஓரம் வைத்து முத்திரை குத்திய தாளுக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை.

இந்தத் தரகர்களின் வழி எனக்குத் தெரியும். முதலில் கடவுச்சீட்டின் பிரதி கேட்பார்கள். பிறகு, நாங்களே எழுதிப் போடுகிறோம் என்று கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பார்கள். பாடநூலிலிருந்து பந்தி பந்தியாக எடுத்து மகனின் பெயரில் ஒட்டுவார்கள். அதுவும் அந்த வரலாற்றில் அழியாமல் நிற்கும். பதிப்புரிமை மீறல் என்று யாராவது கண்டுபிடித்தால் முடக்கப்படுவது மகனின் கணக்கு. தரகர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எதற்கெடுத்தாலும் மூலப்பிரதியும் மூன்று நகலும் கேட்டுப் பழக்கிய நம் அலுவலகங்கள்தான் இந்த ஆட்களை வளர்த்துவிட்டன. காகிதம் இல்லாத திறமையை நம்பக் கூடாது என்று நமக்கும் ஊறிப்போய்விட்டது.

இனி உங்கள் பயம். எதிரியின் ராடாரையும் வானொலித் தொடர்பையும் குழப்புவது, ஒட்டுக்கேட்பது, தன்னுடையதைக் காப்பது, இவைதான் இத்துறை. 1943 யூலையில் ஹம்பேர்க் மீது குண்டு வீசச் சென்ற பிரித்தானிய விமானங்கள் 27 சென்ரிமீற்றர் நீள அலுமினியத் தாள் கீற்றுகளைக் கொட்டி ஜெர்மன் ராடார்களைத் திணறடித்தன. அந்த ராடார் அலையின் நீளத்தில் பாதி என்பதால்தான் அந்த 27. இன்று இதெல்லாம் பாடப்புத்தகச் செய்தி. வரைவிலக்கணம் எழுதுவதில் இரகசியம் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் மகனை உட்காரவைத்துச் சொல்லுங்கள். நூலில் வந்ததை எழுதலாம். கண்ணால் கண்டதை எழுதக் கூடாது. முகாம் வேலிக்கு மேலால் தெரியும் அன்ரனாவின் படம், அது பார்க்கும் திசை, வானொலியில் தற்செயலாகச் சிக்கிய உரையாடலின் மீடிறன், எதுவும் வேண்டாம். எடுத்துக்காட்டுக்காகத்தான் என்றாலும் வேண்டாம். முகப்புத்தகத்தில் ஏற்கெனவே யாரோ போட்ட படம்தானே என்றாலும் வேண்டாம். உத்தியோக இரகசியச் சட்டம் 1955இல் வந்தது. ‘தற்காலிக ஏற்பாடு’ என்று 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை காலம் நீடித்தது என்பதை யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் எந்தக் கருவி எங்கே இருந்தது என்று சித்தப்பா சொன்ன கதையும் இதில் அடக்கம். சித்தப்பா உண்மையையே சொல்லியிருக்கலாம். ஆனால் வெளியான சான்று இல்லாததைச் சொற்களஞ்சியத்தார் நீக்கிவிடுவார்கள். எழுதியவன் பெயர் மட்டும் வரலாற்றில் மிஞ்சும்.

சீ பாண்ட் விடயத்துக்கு வருவோம். பிழை என்று அழிக்க வேண்டாம். மீடிறன்களுக்கு எழுத்துப் பெயர் வைத்த வரிசைகள் இரண்டு உண்டு. ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் அமைப்பின் வரிசையில் சீ என்பது 4 முதல் 8 கிகாஹேர்ட்ஸ் வரை. முன்பு வளவுகளில் நின்ற பெரிய டிஷ் அன்ரனாக்களைப் பூட்டியவர்கள் சொன்ன சீ பாண்ட் ஏறத்தாழ இதுதான். நேட்டோ இராணுவக் கூட்டணியின் வரிசையில் சீ என்பது 500 மெகாஹேர்ட்ஸ் முதல் 1 கிகாஹேர்ட்ஸ் வரை. இலத்திரனியல் போர்முறைக்காரர்கள் பெரிதும் கையாள்வது இதை. மகன் வகுப்பில் முதலாவதைப் படித்திருப்பான், பதிவு இரண்டாவதைச் சொல்கிறது போலும். எது எந்த வரிசை என்று ஒரு வரி சேர்த்து, இரண்டுக்கும் ஆதாரம் காட்டினால் அது உருப்படியான பங்களிப்பு. இருப்பதை அழித்து எழுதினால் யாராவது பழையபடி மாற்றுவார். பிறகு வீண் சண்டை. ஆதாரமாகக் காட்டும் ஆவணத்தின் ஆண்டையும் பார்க்கட்டும். 2020இல் அமெரிக்கக் கூட்டுப் படைகளின் கோட்பாட்டு ஆவணம் புதுப்பிக்கப்பட்டபோது இத்துறையின் பெயரே மாறிப்போனது.

செய்முறைப் பயிற்சிக்கு என்று சிறிய ஜாமர் ஒன்றை, அதாவது வானொலி அலைகளைக் குழப்பும் கருவியை, யாராவது விற்க வந்தால் படலையோடு அனுப்பிவிடுங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இன்றி வானொலி அலை பரப்பும் கருவியைப் பாவிக்க முடியாது. ஜீ.பி.எஸ். சமிக்ஞை 20,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வருவதால் மிக மெலிந்தது; அதை மூழ்கடிக்கக் கையளவு கருவியே போதும். குருநகரில் இருந்து இரவில் தொழிலுக்குப் போகிறவர்களின் படகிலும் அந்த ஜீ.பி.எஸ். இருக்கக்கூடும். விற்றவனை யாரும் தேட மாட்டார்கள், அகப்படுவது வாங்கியவன்தான்.

தரகரிடம் கடவுச்சொல் ஏற்கெனவே போய்விட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. போயிருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் சேர்த்து. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தெரிவையும் அழுத்த வேண்டும். பிறகு திருத்த வரலாற்றைத் திறந்து, தான் எழுதாத வரி தன் பெயரில் இருந்தால் அதை மகனே நீக்கி, நீக்கிய காரணத்தையும் அங்கேயே குறிப்பிடட்டும்.