எந்திரம் வாங்குவதற்கு முன் எழுத வேண்டிய நோட்டு: மதுரைச் சிறுதொழில் கேள்வி பதில்

மதுரையிலும் கப்பலூர், மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலும் சிறு உற்பத்தித் தொழில் நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ரப்பர் மோல்டிங்கிலும் பிரஸ் ஷாப்பிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி (கப்பலூர், லேத் பட்டறை): ஐயா, என்னிடம் நான்கு பழைய லேத்துகள் உள்ளன. ஆர்டர் கொடுப்பவர்கள் வி.எம்.சி. (கணினி இயக்கும் உலோக வெட்டு எந்திரம்) இருக்கிறதா என்று கேட்கிறார்கள். 35 லட்சம் கடன் வாங்கி ஒன்று போடலாமா?

பதில்: போடலாமா வேண்டாமா என்பதை உங்கள் பட்டறையே சொல்லும், ஆனால் அதற்கு ஒரு வாரம் ஆகும். ஒவ்வொரு லேத்திலும் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, எந்திரம் நின்ற நேரத்தையும் நின்ற காரணத்தையும் அதை ஓட்டுகிறவரையே எழுதச் சொல்லுங்கள். புதூர் தொழிற்பேட்டையில் ஒரு நண்பரின் பட்டறையில் இப்படி எழுதிப் பார்த்தபோது, எட்டு மணி நேர ஷிப்டில் உண்மையில் உலோகம் வெட்டப்பட்டது மூன்றேகால் மணி நேரம்தான். மீதி நேரம் ஸ்பேனர் தேடியதிலும், வரைபடத்துக்காகக் காத்திருந்ததிலும், டூல் தீட்டியதிலும், மேஸ்திரி வந்து அளவு சரிபார்க்கட்டும் என்று நின்றதிலும் போயிருந்தது. அவர் வாங்க நினைத்த எந்திரம் அவரிடம் ஏற்கெனவே, பாதி நேரம் சும்மா நின்றுகொண்டு, இருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். 35 லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 74,400 ரூபாய் வரும். இரண்டு ஷிப்டில் மாதம் 400 மணி நேரம் எந்திரம் ஓடினால் தவணைச் சுமை மட்டும் மணிக்கு 186 ரூபாய். ஒரே ஷிப்டில் 200 மணி நேரம் ஓடினால் 372 ரூபாய். ஆர்டர் இல்லாமல் 100 மணி நேரம்தான் ஓடியது என்றால் 744 ரூபாய். ஆள் கூலி, டூல், மின்சாரம் எல்லாம் இதற்கு மேல். ஆகவே, மாதம் 300 மணி நேரத்துக்காவது வேலை தருவதாக எழுத்தில் தருகிற இரண்டு வாடிக்கையாளர்கள் உங்களுக்கு இருக்கிறார்களா என்பதே கேள்வி. அவர்கள் கிடைக்கும்வரை, கப்பலூரிலேயே வி.எம்.சி. வைத்திருப்பவரிடம் மணிக் கூலிக்குக் கொடுத்து வாங்குவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

கேள்வி (மேலூர், புதிதாகத் தொடங்கும் பெண் தொழில்முனைவோர்): அடமானம் வைக்கச் சொத்து இல்லை. வங்கி மேலாளர் கையை விரிக்கிறார். மானியத்தை நம்பி இறங்கலாமா?

பதில்: சொத்து அடமானம் இல்லாத கடனுக்கு சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற கடன் உத்தரவாத நிதி 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி ரூபாய். கட்டணம் உண்டு. உத்தரவாதம் வங்கிக்குத்தானே தவிர உங்களுக்கு அல்ல. கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு முழுவதும் உங்களுடையதே. மேலாளர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பேச்சு மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1949-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தையும் கேட்டுப் பாருங்கள்.

மானியம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழக அரசு குறு உற்பத்தி நிறுவனங்களுக்குத் தகுதியுள்ள எந்திர மதிப்பில் 25 சதவீதம் வரை முதலீட்டு மானியம் தருகிறது; முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம். ஆனால் பணம் கைக்கு வரும் நாளை யாரும் உறுதி சொல்ல முடியாது. மானியத்தைக் கழித்துவிட்டுத் திட்ட மதிப்பீடு போட்டவர்கள், ஆறாம் மாதம் நடைமுறை மூலதனம் இல்லாமல் நகையை வைத்த கதைகளே அதிகம். மானியம் வராவிட்டாலும் தொழில் நிற்குமா என்று கணக்குப் பாருங்கள். நிற்கும் என்றால் புதூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தின் படியேறுங்கள்.

கேள்வி (கப்பலூர், ரப்பர் புஷ் தயாரிப்பு): ஒரே கலவை, ஒரே டை (ரப்பரை வார்க்கும் அச்சு), ஆனாலும் ஒரு நாள் பொருள் மென்மையாகவும் ஒரு நாள் கடினமாகவும் வருகிறது. ரிஜெக்ஷன் தாங்கவில்லை. புது பிரஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இது என் சொந்தத் தொழில் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் இதே நோய் வந்தது. கலவையைக் குறை சொன்னோம், கந்தகத்தைக் குறை சொன்னோம், மழையைக்கூடக் குறை சொன்னோம். கடைசியில் வெப்பம் அளக்கும் கையடக்கத் தெர்மோகப்பிளை எடுத்துப் பிரஸ்ஸின் சூடேறும் தட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தால், பேனலில் 150 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்த தட்டின் பின்புற இடது மூலை 138 டிகிரியில் இருந்தது. உள்ளே ஒரு ஹீட்டர் எரிந்துபோய் எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

ரப்பர் வேகும் வேகம், பத்து டிகிரி குறைந்தால் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது இத்தொழிலின் கைக்கணக்கு. அதாவது, நடுவில் உள்ள குழிக்கு எட்டு நிமிடம் போதும் என்றால் அந்த மூலைக் குழிக்குப் பதினாறு நிமிடத்துக்கு மேல் வேண்டும். எட்டு நிமிடத்தில் திறந்தால் மூலைப் பொருள் வேகாது. பதினாறு நிமிடம் வைத்தால் நடுப்பொருள் அளவுக்கு மிஞ்சி வெந்துபோகும், உற்பத்தியும் பாதியாகும். ஒரு ஹீட்டரின் விலைதான் மருந்து. டையில் ஒவ்வொரு குழிக்கும் எண் பொறியுங்கள். ரிஜெக்ஷன் ஆன பொருளின் குழி எண்ணைப் பத்து நாள் எழுதுங்கள். ஷோர் கடினத்தன்மை மீட்டரால் ஷிப்டுக்கு ஒருமுறை அளந்து குறியுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் தவறு தட்டில் இருக்கிறது. எண்கள் சிதறி வந்தால் கலவை மில்லுக்குப் போய், எடை போடும் பையன் தராசைச் சரியாகப் பார்க்கிறானா என்று கவனியுங்கள்.

கேள்வி (திருமங்கலம், பிரஸ் வேலை): மின்கட்டணம் கழுத்தை நெரிக்கிறது. சோலார் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் குடத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் எந்த எந்திரமும் ஓடாதபோது கம்ப்ரஸரை மட்டும் போட்டுவிட்டு, கைக்கடிகாரத்தோடு உட்காருங்கள். காற்றை யாருமே பயன்படுத்தாதபோது அது தொட்டி நிறைந்ததும் நின்றபடியே இருக்க வேண்டும். மூன்று நிமிடம் ஓடி ஆறு நிமிடம் ஓய்கிறது என்றால், அதன் திறனில் மூன்றில் ஒரு பங்கு குழாய்க் கசிவுக்கே போகிறது. 10 குதிரைத்திறன் கம்ப்ரஸர் நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் இருபத்தைந்து நாள் ஓடுவதாகக் கொண்டால் ஏறத்தாழ 600 யூனிட் இப்படிக் காற்றோடு போகும். சோப்புத் தண்ணீரும் ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷும் போதும், கசியும் இணைப்புகளைக் கண்டுபிடிக்க. அழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றி வைப்பதும் வீண். ஒரு பார் (காற்றழுத்த அளவு) கூட்டினால் மின்செலவு ஆறு ஏழு சதவீதம் கூடும். அதற்கு அடுத்தபடியாகக் கெப்பாசிட்டர்களையும், மூன்று நான்கு முறை காயில் கட்டிய மோட்டார்களையும் பாருங்கள். சோலார் அதன் பிறகு.

கேள்வி (ஜெய்ஹிந்துபுரம், அப்பளம்): வீடுகளில் அப்பளம் தேய்த்துத் தந்த பெண்கள் குறைந்துவிட்டார்கள். எந்திரம் வாங்க உத்தேசம். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: இரண்டு விஷயங்கள். தேய்க்கிற எந்திரம் வேகமானது. வெயில் வேகமானது அல்ல. மாவைத் தகடாக்கி வட்டமாக வெட்டித் தள்ளுகிற எந்திரத்தை வாங்கிவிட்டு, காயவைக்க மொட்டைமாடியை நம்பியவர்கள் ஐப்பசி மழையில் பட்ட பாட்டை உங்கள் தெருவிலேயே கேட்டுப் பார்க்கலாம். உலர்த்தும் அறையின் கொள்ளளவை முதலில் முடிவு செய்து, அதற்குப் பொருந்துகிற எந்திரத்தைப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, வரி. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று நாம் மகிழ்கிறோம். அதனாலேயே எந்திரத்துக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்நாட்டு விற்பனையில் ஈடுகட்டிக்கொள்ள வழி இல்லை. அந்தத் தொகையும் எந்திர விலையின் ஒரு பகுதி என்றே கணக்கிடுங்கள். ஏற்றுமதி செய்பவர்களுக்கு இந்த விதி மாறும். உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தற்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி, உதிரிபாகம்): பொருளை வாங்கிய பெரிய நிறுவனம் ஐந்து மாதமாகப் பணம் தரவில்லை. கேட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயம்.

பதில்: அந்தப் பயத்தை நானும் அனுபவித்திருக்கிறேன், ஒருவரிடம் ஏழு மாதம் வாயைத் திறக்காமல் இருந்து, கடைசியில் பணமும் தாமதம், ஆர்டரும் போயிற்று. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இத்தகைய புகார்களை விசாரிக்கும் வசதி மன்றம் மதுரையிலேயே இருக்கிறது. புகார் வரைக்கும் போக மனமில்லாதவர்களுக்கு வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் உதவும்: குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டி நிறுத்தி வைத்த தொகையை, அதைக் கட்டிய ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். ஆகவே, ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு எண்) அச்சிட்டு, பிப்ரவரி மாதத்தில் அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குப் பணிவான ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள். முதலாளி கோபிக்க இதில் ஒன்றும் இல்லை. அவருடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்வார்.

கேள்வி (உசிலம்பட்டி): விற்றுமுதல் கூடினால் சலுகைகள் போய்விடும் என்று இரண்டாவது கம்பெனி தொடங்கச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் எந்திர முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம். 25 கோடி, 100 கோடி வரை சிறு நிறுவனம். ஏற்றுமதி விற்பனை இந்தக் கணக்கில் சேராது. படி உயர்ந்தாலும் வரி சாராத சலுகைகள் மூன்று ஆண்டுகள் தொடரும்.

கேள்வி (மதுரை, எவர்சில்வர் பாத்திரப் பட்டறை): மகன் கம்ப்யூட்டர் மென்பொருள் வாங்கச் சொல்கிறான். நாற்பது வருடமாக எனக்கு எல்லாம் மனக்கணக்குதான். எதற்கு அந்தச் செலவு?

பதில்: ஐயா, உங்கள் மனக்கணக்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நீங்கள் இரண்டு நாள் திருச்செந்தூர் போய்விட்டால் அந்தக் கணக்கும் உங்களோடு திருச்செந்தூர் போய்விடுகிறது. அதே சமயம், மகன் அவசரப்படுவதும் சரியல்ல. எழுதும் பழக்கமே இல்லாத பட்டறையில் மென்பொருள் ஒரு மாதத்தில் தூசி படிந்துவிடும்.

பாத்திரத் தொழிலில் லாபம் தகட்டில் இருக்கிறது. சதுரத் தகட்டிலிருந்து வட்டம் வெட்டினால், எவ்வளவு சாமர்த்தியமாக வெட்டினாலும் நூற்றுக்கு 21 கிலோவுக்கு மேல் மூலைத்துண்டாகப் போகும். நீளத் தகட்டில் வட்டங்களைத் தள்ளித்தள்ளி அடுக்கி வெட்டினால் அது குறையும். உங்கள் பட்டறையில் உண்மையில் எவ்வளவு போகிறது என்பதை நீங்கள் மனத்தில் வைத்திருக்கிறீர்களா, அல்லது பழைய இரும்புக்காரர் சொன்னதை நம்புகிறீர்களா? வந்த தகட்டின் எடை, வெட்டிய வட்டத்தின் எடை, துண்டின் எடை, இழுக்கும்போது கிழிந்ததன் எடை என்று நான்கு பத்திகள் உள்ள ஒரு நோட்டு போதும். எவர்சில்வரில் 202 ரகத்துக்கும் 304 ரகத்துக்கும் துண்டுக் குவியலைத் தனித்தனியாக வையுங்கள். நிக்கல் கூடுதலாக உள்ள 304 துண்டு மற்றதோடு கலந்தால், விற்கும்போது மலிவான ரகத்தின் விலைதான் கிடைக்கும். மூன்று மாதம் அந்த நோட்டை மகனே எழுதட்டும். நீங்கள் மாலையில் கடையைப் பூட்டுவதற்கு முன் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மென்பொருளில் என்னென்ன பத்திகள் வேண்டும் என்பதை அதற்குள் நீங்கள் இருவருமே சொல்லிவிடுவீர்கள்.