ஒசாகாவில் தங்கியிருக்கிறோம். வயதான அம்மாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்வர எந்த ஊர் நல்லது? சாப்பிட என்ன கிடைக்கும்?

நாரா. யோசிக்கவே வேண்டாம். ஒசாகா நம்பாவில் கின்டெட்சு ரயில் ஏறினால் 40 நிமிடம் போல ஆகும். இறங்கிய இடத்திலிருந்து கோயில், பூங்கா, கடைத்தெரு எல்லாம் நடக்கிற தூரம்தான். அப்படியே கியோட்டோவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று யாராவது சொல்வார்கள். அம்மா கூட வருகிறார் என்றால் அந்த ஆசை வேண்டாம். நாராவுக்கே முழு நாளையும் கொடுங்கள். நாங்கள் மனைவி, மகள், அம்மாவோடு அப்படித்தான் போனோம்.

முதலில் தோதாய்ஜி கோயிலுக்குப் போய்விடுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை புத்தர் மண்டபத்தைக் காலை 7:30க்கே திறக்கிறார்கள், மற்ற மாதங்களில் 8 மணிக்கு. சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்குள் நிம்மதியாகப் பார்த்துவிடலாம்.

உள்ளே இருக்கும் வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். பெரியம்மையும் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலத்தில், 743இல் ஷோமு பேரரசர் இதைச் செய்ய ஆணையிட்டார். 752இல் கண் திறப்பு நடந்தது. அன்று தூரிகை பிடித்துப் புத்தரின் கண்ணை எழுதியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. தென்னிந்திய அந்தணர் என்றே ஜப்பானியர்கள் அவரைக் குறித்து வைத்திருக்கிறார்கள். தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறக்கும் புண்ணியத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று. அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. இதை அம்மாவிடம் சொன்னேன். சிலையின் கண்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நம் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போன ஒருவர் செய்த காரியம் என்று தெரிந்து பார்த்தால் அந்த மண்டபமே வேறு மாதிரி தெரிகிறது. அதனால் போகும் முன்பே வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். சிலையும் மண்டபமும் இருமுறை தீயில் சிதைந்து மீண்டவை. இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது.

வெளியே வந்தால் மான்கள். பூங்காவில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கட்டிப்போட்டவை அல்ல, காட்டு மான்கள். விற்பவர்களிடம் ஷிகா செம்பே என்ற மான் பிஸ்கட் வாங்கலாம். தவிடும் மாவும் மட்டும் சேர்த்துச் செய்தது. கட்டைப் பிரித்ததும் நாலைந்து மான்கள் சூழ்ந்துகொண்டு தலையைக் குனிந்து குனிந்து கேட்கும். குழந்தையிடம் ஒவ்வொன்றாகக் கொடுங்கள், ஆட்டம் காட்டாமல் உடனே ஊட்டச் சொல்லுங்கள். காக்க வைத்தால் சட்டை நுனியைக் கடித்து இழுக்கும். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினால் விலகிப் போய்விடும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பிளாஸ்டிக் உறை எதையும் அங்கே போட்டுவிடாதீர்கள். தின்பண்ட வாசனைக்கு மான்கள் அதையும் விழுங்கிவிடுகின்றன. 2019இல் இறந்த மான்கள் சிலவற்றின் வயிற்றில் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் இருந்தது. குப்பையை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சாஞ்ஜோ தெருவில் நகதானிதோ என்று ஒரு கடை, மோச்சி என்ற அரிசிப் பண்டத்துக்குப் பேர்போனது. வெந்த அரிசியை உரலில் போட்டு இருவர் மாற்றி மாற்றி மரச்சுத்தியலால் இடிக்கிறார்கள். பிறகு ஒருவர் ஓங்கி அடிக்க, அடுத்த அடி விழுவதற்குள் மற்றவர் கையை விட்டு மாவைப் புரட்டிவிடுகிறார். அவ்வளவு வேகம், ஊடே ஒரு கூவல். என் மகள் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றாள். மோச்சியின் பச்சை நிறம் யொமொகி என்ற கீரையால் வருவது, நம் மரிக்கொழுந்தின் இனம்தான். உள்ளே இனிப்புப் பயறுப் பூரணம், மேலே வறுத்த சோயா மாவு. கொழுக்கட்டை போலத்தான், ஆனால் மாவு நன்றாக இழுபடும். சூடு ஆறுவதற்குள் அங்கேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள். அம்மாவுக்கு மட்டும் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுங்கள், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானிலேயே வயதானவர்களுக்கு அப்படி ஆபத்து நேர்ந்திருக்கிறது.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் காகினோஹா சூஷி வாங்குங்கள். உப்பிட்ட மீனும் சோறும் காகி என்ற பழ மரத்தின் இலையில் மடித்துக் கட்டியது. இலையைப் பிரித்துவிட்டுச் சாப்பிட வேண்டும். அம்மா சைவம் என்றால் கவனம் தேவை. ஊடோன் என்ற கோதுமை நூடுல்ஸின் குழம்பு பார்க்கச் சைவம் போலிருந்தாலும் அடியில் உலர்ந்த மீன் சீவலில் எடுத்த தாஷி சாறு இருக்கும். எங்கள் அம்மாவுக்குக் காலையிலேயே எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனோம். மான்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

பிற்பகலில் நாராமாச்சியின் பழைய சந்துகளில் மெதுவாக நடக்கலாம். வீட்டு வாசல்களில் சிவப்புத் துணிக் குரங்குப் பொம்மைகள் தொங்கும். வீட்டுக்கு வரும் துன்பத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும் என்று நம்பிக்கை. கால் வலித்தால் ஏதாவது ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்து குஸுமோச்சி கேளுங்கள். குஸு என்ற கொடியின் கிழங்கு மாவில் கிண்டிய பண்டம், கண்ணாடி மாதிரி இருக்கும், மேலே கருப்புச் சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவார்கள். அம்மாவும் தயங்காமல் சாப்பிட்டது அதைத்தான்.

மாலை ஐந்து மணி வாக்கில் பல கடைகளை அடைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் இரவுச் சாப்பாட்டை ஒசாகாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.