ஹெட்ஷாட் எடுக்கப் போகும் முன்

(நடிப்பு வாய்ப்பு தேடுவோருக்கான புகைப்படம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

கேள்வி: நாடகக் குழு ஒன்றில் நடித்து வருகிறேன், வயது 26. கல்யாண போட்டோகிராபர் ஒருவர் எடுத்துக் கொடுத்த பெரிய ஆல்பம் கைவசம் இருக்கிறது. ஆனால் ஆடிஷன் நடத்துபவர்கள் ‘ஹெட்ஷாட் மட்டும் அனுப்புங்கள்’ என்கிறார்கள். அதற்காக அடுத்த வாரம் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் நேரம் வாங்கியிருக்கிறேன். எப்படித் தயாராவது? (மதுரை வாசகர்)

பதில்: ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வடபழனியிலும் சாலிகிராமத்திலும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய காலத்தில், ஆளின் உயரம், நடை, குரல் எல்லாவற்றையும் நேரிலேயே பார்த்துவிடுவார்கள், ஆல்பம் என்பது பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு. இன்றோ உங்கள் படம் ஓர் உதவி இயக்குநரின் கைப்பேசியில், இன்னும் எத்தனையோ பேரின் படங்களுக்கு நடுவே, தபால்தலை அளவில் வந்து நிற்கிறது. அந்த அளவிலும் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால்தான் தலையும் தோளும், மிஞ்சினால் மார்பு வரையும் உள்ள படத்தைக் கேட்கிறார்கள். பைக்கில் சாய்ந்து கூலிங் கிளாஸோடு நிற்கும் படம் நண்பர்களுக்குப் பிடிக்கலாம். கண்ணை மறைத்த படத்தை வைத்துக்கொண்டு யாரும் வேடம் கொடுக்க மாட்டார்கள்.

முதலில், உங்களை எந்தெந்த வேடங்களுக்கு அழைப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நீங்கள் ஆசைப்படும் வேடங்களைவிட, முன்பின் தெரியாத ஒருவர் உங்களைப் பார்த்தவுடன் நினைக்கும் வேடங்களே இங்கே முக்கியம் என்பதால், உறவினர் அல்லாத இரண்டு மூன்று பேரிடம் கேட்டு எழுதுவது நல்லது. கல்லூரி மாணவன், மெக்கானிக், புதிதாகப் பணியில் சேர்ந்த கான்ஸ்டபிள் என்று மூன்று வந்தால் போதும். அந்த மூன்றுக்கும் மூன்று சட்டைகள், மூன்று மனநிலைகள். இதற்காகக் காக்கிச் சட்டை வாடகைக்கு எடுத்துவிடாதீர்கள், அது பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டியாகிவிடும். காலர் வைத்த வெளிர்நீலச் சட்டை, படிய வாரிய முடி, நேரான பார்வை இருந்தால் கான்ஸ்டபிளைப் பார்ப்பவர்களே கண்டுகொள்வார்கள்.

தாடி வைத்திருப்பவராக இருந்தால் வேலையின் வரிசை அதைப் பொறுத்தே அமையும். முழுத் தாடியோடு முதல் சட்டை. பிறகு டிரிம்மரால் ஒட்டக் குறைத்து இரண்டாவது. கடைசியாகத் தாடியை மழித்து மீசையோடு மூன்றாவது. மழித்தவுடன் தோல் சிவந்தோ பச்சை படர்ந்தோ தெரியும் என்பதால், குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்து எடுத்த பிறகே கேமரா முன்னால் போக வேண்டும். இந்த வரிசையையும் இடைவெளியையும் புகைப்படக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அதற்கும் சேர்த்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். முடி வெட்டுவதை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். புதிதாக வெட்டிய தலை படத்தில் எப்போதும் அந்நியமாகவே தெரியும். முந்தைய இரவு கருவாடு, ஊறுகாய், அப்பளம் போன்ற உப்பு மிகுந்தவற்றைத் தவிர்த்து நன்றாகத் தூங்கினால் காலையில் கண்ணுக்குக் கீழே வீக்கம் இருக்காது. மதுரையிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கி நேராக ஸ்டூடியோவுக்குப் போவதாகத் திட்டம் இருந்தால், தயவுசெய்து நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேமரா முன்னால் நாடக நடிகர்கள் படும் பாடு தனி. கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று பழகிய முகம், லென்ஸுக்கு இரண்டு மீட்டர் தொலைவில் மிகையாகிவிடுகிறது. புருவத்தை உயர்த்தாமல், உதட்டை அசைக்காமல், ஒரே ஒரு வசனத்தை மனத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். ‘நீ பொய் சொல்றேன்னு எனக்குத் தெரியும்’ என்று உங்கள் தம்பியிடம் சொல்வதாக நினைத்து லென்ஸைப் பார்த்தால் கண்ணில் ஒன்று வரும். அதே வசனத்தைக் கடன் கொடுத்தவரிடம் சொல்வதாக நினைத்தால் வேறொன்று வரும். ‘சிரிங்க’ என்ற சொல்லுக்குச் சிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். அமெரிக்காவில் ஹெட்ஷாட்டுக்கென்றே பெயர் பெற்ற பீட்டர் ஹர்லி என்ற புகைப்படக் கலைஞர் இரண்டு உத்திகளைப் பரப்பினார்: கண்ணை அகல விழிக்காமல் கீழிமையை மட்டும் சற்றே இறுக்குவது ஒன்று, முகவாயைத் தூக்காமல் நெற்றியைக் கேமராவை நோக்கி முன்னே நகர்த்துவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யும்போது கூட்டிலிருந்து ஆமை தலை நீட்டுவது போல நமக்கே கூச்சமாக இருக்கும். படத்தில் தாடைக்கோடு தெளிவாக விழும்.

கேள்வி: நான் நல்ல கறுப்பு. படப்பிடிப்புக்கு முதல் நாள் ஃபேஷியல் செய்யச் சொல்கிறார் அக்கா. ‘கொஞ்சம் பிரைட் பண்ணித் தருகிறேன்’ என்கிறார் புகைப்படக்காரர். உடை விஷயத்திலும் குழப்பமாக இருக்கிறது. (திருச்சி வாசகி)

பதில்: பிரைட் பண்ணித் தருவதாகச் சொல்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். படத்தைப் பார்த்து அழைத்தவர்கள், கதவைத் திறந்து உள்ளே வரும் பெண் அவர்தானா என்று ஒரு கணம் யோசிக்க நேர்ந்தாலே அந்த ஆடிஷன் பாதி போய்விட்டது. கறுப்பு நிறத்தோலில் பக்கவாட்டிலிருந்து வரும் மென்மையான ஒளி கன்னம், மூக்கு, நெற்றி ஆகியவற்றின் வடிவத்தை மிக அழகாக எடுத்துக் காட்டும். ஆனால் ஒளியளவை உங்கள் முகத்துக்கு வைத்து எடுக்க வேண்டும். தூய வெள்ளை உடையோ வெள்ளைச் சுவரோ சட்டத்தை நிறைத்திருந்தால், தானியங்கி முறையில் உள்ள கேமரா வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். முதல் சில படங்களைத் திரையில் காட்டச் சொல்லி, கண்ணில் ஒளிப்புள்ளி தெரிகிறதா, நிறம் உங்கள் நிறமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரக்கு, பாட்டில் பச்சை, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் போன்ற ஒற்றை நிறங்கள் உங்களுக்கு நன்றாக எடுபடும். மெல்லிய கோடும் பொடிக் கட்டமும் போட்ட துணிகள் டிஜிட்டல் படத்தில் அலையலையாக நெளியும். சுங்குடிப் புள்ளிகள் முகத்தைப் பார்க்க விடாது. பட்டுச் சேலையின் ஜரிகை ஒளியைத் திருப்பி அடிக்கும். சாதாரணக் கைத்தறிப் பருத்திச் சேலை ஒன்று, குர்தா ஒன்று போதும். ஜிமிக்கி, தலை நிறையப் பூ இரண்டும் வேண்டாம். பொட்டு வைத்தும் வைக்காமலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேஷியல் செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். புருவம் திருத்துவது இரண்டு மூன்று நாள் முன்பு. புதிய க்ரீம் எதையும் அந்த வாரத்தில் தொடங்காதீர்கள். ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன், ஃப்ளாஷ் வெளிச்சத்தில் முகத்தைச் சாம்பல் பூத்தது போலக் காட்டிவிடும் என்பதால் அன்று மட்டும் அதைத் தவிர்க்கலாம். ஃபவுண்டேஷனைக் கழுத்து நிறத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். பிறகு கணினியில் திருத்தும்போது நேற்று வந்த பருவை எடுக்கலாம். மச்சத்தையும் தழும்பையும் தொடக்கூடாது.

கேள்வி: ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் பணமில்லை. கைப்பேசியில் எடுத்தால் ஏற்பார்களா? (கோவை வாசகர்)

பதில்: தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும், செல்ஃபியாக மட்டும் இருக்கக்கூடாது. கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலக்கோணம் கொண்டது. அதை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். ஸ்டூடியோக்காரர்கள் 85 முதல் 135 மி.மீ. வரையிலான லென்ஸோடு தள்ளி நின்று எடுப்பதற்குக் காரணம் இதுதான். நண்பரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவைத்து, உங்கள் கண் உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில் எடுக்கச் சொல்லுங்கள். நேர்வெயில் விழாத பெரிய ஜன்னல் ஒரு பக்கம், மறுபக்கம் வெள்ளைத் தெர்மோகோல் அட்டை. சினிமாப் படப்பிடிப்பிலேயே இந்த அட்டையைத்தான் பிடிக்கிறார்கள். பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். வெளியில் எடுப்பதானால் உச்சி வெயிலைத் தவிருங்கள், கண்குழிகளில் நிழல் இறங்கிவிடும்.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 61. அப்பா வேடங்களுக்கு முயல்கிறேன். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு எடுக்கலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: சார், நரைத்த தலைதான் உங்கள் மூலதனம். விளம்பரப் படங்களில் தாத்தாவுக்கும் குடும்ப மருத்துவருக்கும் அதைத்தான் தேடுகிறார்கள். மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால், பிரதிபலிப்பு விழாதபடி கண்ணாடிக் காலைக் காதின் மேல் சற்றே உயர்த்தி வைத்து, அணிந்தும் அணியாமலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டனில் என் மகள் நடிப்புப் பயிற்சி முடிக்கப் போகிறாள். ஊருக்கு வரும்போது இங்கே எடுத்த படங்கள் அங்கே செல்லுமா? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: தரம் சரியாக இருந்தால் எங்கே எடுத்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. 1927-இல் அச்சு நூலாகத் தொடங்கி இன்று இணையத்தில் இயங்கும் ஸ்பாட்லைட் என்ற நடிகர் பட்டியலே அங்கே முதன்மையானது. அச்சிட்டால் அளவு 10-க்கு 8 அங்குலம், நெடுவாக்கில். நம் ஸ்டூடியோக்களின் வழக்கமான மெழுகுத் தோல் திருத்தத்தை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒப்பனை குறைந்த, இயல்பான முகத்தையே விரும்புகிறார்கள்.

கேள்வி: எங்கள் போட்டோகிராபரிடம் படம் எடுத்துப் பெரிய தொகை கட்டினால் வாய்ப்பு நிச்சயம் என்று ஒரு ஏஜென்சி என் மகனிடம் சொல்கிறது. கட்டலாமா? (சேலம் வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். புகைப்படக்காரருக்குக் கொடுப்பது அவர் வேலைக்கான கூலி. அதற்கும் வாய்ப்புக்கும் முடிச்சுப் போடுபவர் படம் விற்கிறார், வேடம் கொடுப்பவர் அல்லர். நடிகர் சம்பாதித்த பிறகு அதில் பங்கு எடுப்பதுதான் ஏஜென்டின் தொழில்.

கேள்வி: படம் அருமையாக வந்தது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் மங்கிவிடுகிறதே? (புதுச்சேரி வாசகி)

பதில்: படமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் அதைச் சுருக்கிவிடும், ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள். கேமரா கொடுத்த எண்ணே கோப்பின் பெயராக இருந்தால் பதிவிறக்கிய பிறகு யாருடையது என்று தெரியாது. உங்கள் பெயர், உயரம், ஊர் ஆகியவற்றையே கோப்புக்குப் பெயராக வையுங்கள். நேர்முகம், இரு பக்கவாட்டு முகங்கள், முழு உருவம் என நான்கு படங்களுக்கு மேல், கேட்டாலொழிய அனுப்ப வேண்டாம். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாலோ எடையில் பெரிய மாற்றம் வந்தாலோ அந்த வாரமே புதிதாக எடுத்துவிடுங்கள்.