அம்மாவுக்குக் கொடுத்தது மனநோய் மாத்திரையா?

வணக்கம் சார்,

அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை வந்து இருபது வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாகப் பாதம் இரண்டும் எரிகிறது என்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மிளகாய்த்தூளில் காலை வைத்தது போல இருக்கிறதாம். போர்வை பட்டாலே தாங்கவில்லை, காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுக்கிறார். டோலோவுக்கெல்லாம் கேட்கவில்லை. போன மாதம் டாக்டர் ப்ரீகாபலின் 75, ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைத் தம்பி, "இது வலிப்புக்கு, இது மனநோய்க்கு" என்று சொல்லிவிட்டார். அம்மா ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. "நான் நடிக்கிறேன்னு டாக்டர் நெனச்சுட்டார்" என்று அழுகிறார். அமெரிக்காவில் அடிமையாக்காத புது வலி மருந்து வந்துவிட்டது என்று அண்ணன் வாட்ஸப்பில் அனுப்பினார். அது அம்மாவுக்கு ஆகுமா? இவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது, நரம்பு வலிக்கு என்றே ஒரு மருந்து ஏன் சார் இல்லை?

ம., திருவாரூர்

அன்புள்ள ம.,

முதலில் அம்மாவிடம் போய் இதைச் சொல்லுங்கள். டாக்டர் அவர் சொன்னதை நம்பியதால்தான் அந்த இரண்டு மாத்திரைகளையும் எழுதியிருக்கிறார். நம்பாதவராக இருந்தால் ஒரு சத்து மாத்திரையை எழுதி, "வயசானா அப்படித்தாம்மா" என்று அனுப்பியிருப்பார். நான் மருத்துவர் இல்லை, பார்மசி கல்லூரியில் மருந்தியல் நடத்தியவன். அதனால் அளவு, நேரமெல்லாம் டாக்டர் சொல்படியே இருக்கட்டும். இந்த மருந்துகள் எங்கிருந்து வந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

வாசலில் ஆள் யாரும் இல்லாமலே காலிங்பெல் அடிக்கிற வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் சுவிட்சுக்குள் ஈரம் இறங்கினால் அப்படி ஆகும். அம்மாவின் பாதத்தில் புண் இல்லை, வீக்கம் இல்லை. பல வருஷச் சர்க்கரையால் கெட்டுப்போன நரம்பு தானாகவே அடித்துக்கொண்டிருக்கிறது. டோலோ போன்றவை அடிபட்ட வலி, காய்ச்சல் வலிக்கானவை. கம்பியிலேயே கோளாறு என்றால் அவற்றுக்குக் கேட்காது. கம்பியின் துடிப்பையே அடக்கும் மருந்து வேண்டும். அளவுக்கு மீறித் துடிக்கும் நரம்பை அடக்குவதுதான் வலிப்பு மருந்தின் வேலையும். அங்கே மூளை, இங்கே கால், அவ்வளவுதான் வித்தியாசம்.

ப்ரீகாபலினுக்கு அண்ணன் முறை காபாபென்டின். மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் சாயலில் அதைச் செய்தார்கள். 1993இல் அமெரிக்காவில் வலிப்புக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் காபா ஒட்டும் இடத்தில் அது ஒட்டுவதே இல்லை. நரம்பு முனையில் கால்சியம் உள்ளே போகிற வாயிலின் ஒரு துண்டில் போய் ஒட்டுகிறது என்று 1996இல்தான் தெரிந்தது. அக்கி எழுதி, கொப்புளமெல்லாம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிகிறது என்பார்களே, அந்த வலிக்கு 2002இல் அதை அனுமதித்தார்கள். ப்ரீகாபலின் 2004இல் அக்கி வலிக்கும் சர்க்கரைக் கால் வலிக்கும் சேர்த்தே அனுமதி பெற்றது. ஆகவே கடைத் தம்பி சொன்னது பாதிதான்.

அமிட்ரிப்டிலின் விஷயத்தில் அம்மாவின் கேள்வியை ஆராய்ச்சியாளர்களே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். மனச்சோர்வு குறைவதால் வலி குறைகிறதா, இல்லை வலியே நேராகக் குறைகிறதா? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மிட்செல் மாக்ஸும் அவருடைய குழுவும் 1987இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சர்க்கரையால் நரம்பு வலி வந்த 29 பேர் அதை முடித்தார்கள். ஆளுக்கு ஆறு வாரம் அமிட்ரிப்டிலின், ஆறு வாரம் போலி மருந்து. போலி மருந்து வெறும் சர்க்கரை உருண்டையாக இருந்தால் எது எதுவென்று நோயாளி கண்டுபிடித்துவிடுவார் என்பதால், அமிட்ரிப்டிலினைப் போலவே பக்கவிளைவு தரும் ஒன்றைக் கொடுத்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் சோர்வே இல்லாதவர்களுக்கும் வலி ஒரே மாதிரி குறைந்தது. குணம் மூன்றாவது வாரத்திலிருந்துதான் தெளிவாகத் தெரிந்தது. இதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள், இரண்டு நாள் போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மனச்சோர்வுக்கு அதை 75 மில்லிகிராம், 150 என்று கொடுப்பார்கள். அம்மாவுக்கு எழுதியிருப்பது 10.

சரி, நரம்பு வலிக்கென்றே ஒரு மருந்து ஏன் இல்லை? எங்கள் ஆய்வுக்கூடத்தில் 55 டிகிரியில் சூடான தட்டு ஒன்று இருக்கும். அதில் எலியை விட்டு, எத்தனை வினாடியில் பாதத்தை நக்குகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்ப்போம். 15 வினாடி ஆனால் நக்காவிட்டாலும் எடுத்துவிட வேண்டும், பாதம் வெந்துவிடும். நரம்பு வலி என்றால் எலியின் தொடை நரம்பை நூலால் லேசாகக் கட்டி, சில நாள் கழித்து மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, எந்த இழைக்குக் காலை இழுக்கிறது என்று குறிப்போம். இழுத்தால் வலி என்று எழுதிக்கொள்வோம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு யாரும் தொடாமலே எரிகிறது என்று எலி எப்படிச் சொல்லும்? எத்தனையோ மருந்துகள் எலியிடம் அருமையாக வேலை செய்துவிட்டு மனிதரிடம் வந்ததும் தோற்றுப்போயின. சப்ஸ்டன்ஸ் பி என்ற வலி ரசாயனத்தைத் தடுக்கும் மருந்துகள் அப்படித்தான் விழுந்தன. அந்த வகையில் வந்த அப்ரெபிடன்ட் இன்று புற்றுநோய் ஊசி போட்டவர்களின் வாந்தியை நிறுத்துகிறது.

அம்மா சொன்ன மிளகாய்த்தூளும் வெறும் உவமை இல்லை. மிளகாயின் காரம் திறக்கும் வாயிலும் சுடுநீரின் சூடு திறக்கும் வாயிலும் நரம்பில் ஒன்றேதான். டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 1997இல் அதைக் கண்டுபிடித்தது, 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த வாயிலை அடைத்துவிட்டால் வலி போய்விடும் என்று மருந்து செய்து பார்த்தார்கள். ஒரு மருந்தில் சிலருக்கு உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. உடம்பு தன் சூட்டைக் கவனித்துக்கொள்ளவும் அதே வாயிலைத்தான் வைத்திருக்கிறது.

வலியை முழுக்க அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பையனின் கதை போதும். வடக்குப் பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டியவன். கையில் கத்தியைச் செருகுவான், தணல் மேல் நடப்பான். வலியே தெரியாது. 14 வயது ஆகும் முன்னே, கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் குழு, நரம்பில் சோடியம் உள்ளே போகும் ஒரு வாயில் இவர்களிடம் பிறவியிலேயே வேலை செய்யவில்லை என்று 2006இல் எழுதியது. அதற்குப் பெயர் நாவ் 1.7. அதை மருந்தால் அடைக்கப் பல கம்பெனிகள் பல வருஷம் முயன்றும் ஒன்றும் கைகூடவில்லை.

அதன் பக்கத்து வாயில் நாவ் 1.8. உங்கள் அண்ணன் அனுப்பிய மருந்து அதை அடைப்பது. சுசெட்ரிஜின் என்று பெயர், 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அபின் வகை இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த அனுமதி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வருவது போன்ற உடனடி வலிக்குத்தான். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கிக் காலுக்கு இறங்கும் வலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பத்துக்கு இத்தனை என்று நோயாளிகள் சொன்ன வலி சுமார் இரண்டு புள்ளி குறைந்தது. போலி மருந்து சாப்பிட்டவர்களுக்கும் அதே இரண்டு புள்ளி. சர்க்கரைக் கால் வலிக்கான பெரிய சோதனை தனியாக நடத்துகிறார்கள், அதன் முடிவை நானும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். அம்மாவை அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள் ம. இத்தனை கோடி கொட்டி நடக்கிற சோதனையிலும் கடைசியில் அளப்பது நோயாளியின் வாய்ச்சொல்லைத்தான். ரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது போல வலியைப் பார்க்க ஒரு மீட்டர் கிடையாது. "எரிகிறது" என்று அம்மா சொல்வதுதான் அந்த மீட்டர். அவர் நடிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் இந்தத் துறையே நடக்காது.

மருந்துகள் எவ்வளவு கேட்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2015இல் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். போலி மருந்தால் கிடைப்பதைக் கழித்துவிட்டு, ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய ப்ரீகாபலினை ஏறக்குறைய எட்டுப் பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அமிட்ரிப்டிலின் வகையை நான்கு பேருக்கு. இதைக் கேட்டு மனம் உடையாதீர்கள். எட்டுப் பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குத் துளியும் கேட்பதில்லை. யாருக்கு எது என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை கைக்கு வரவில்லை, அதனால் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2022இல் வெளியான ஒரு சோதனையில் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், ப்ரீகாபலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது. உங்கள் டாக்டர் இரண்டு எழுதியிருப்பதை அந்த வழியில்தான் பார்க்கிறேன்.

இன்னும் மூன்று விஷயம். அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், ராத்திரி எழுந்து நடந்தால் தள்ளும். 67 வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும், அதனால் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். இதயக் கோளாறு, கண் அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் போடத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ப்ரீகாபலினின் அளவே சிறுநீரகத்தைப் பொறுத்தது. தொடங்கிய பிறகு நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அப்புறம், அம்மா பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கும், பி12 குறைந்தாலும் கால் எரியும், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். தினமும் காலையில் அம்மா நேற்று ராத்திரி வலி பத்துக்கு எவ்வளவு, எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று இரண்டு எண்களை எழுதட்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து, காலைப் போர்வைக்குள் வைக்க முடிகிறதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ச.