தங்கை வந்த பிறகு மூத்தவன் மாறிவிட்டானா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 4 மாதம். 5 வாரத்துக்கு முன் மகள் பிறந்தாள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லப் பழகியிருந்தவன், இப்போது தினமும் உடையிலேயே சிறுநீர் கழிக்கிறான். நான் பால் கொடுக்க உட்கார்ந்தாலே கத்துகிறான், பாப்பாவை அடிக்க வருகிறான். இரவில் சேர்ந்தாற்போல் 2 மணி நேரம்கூட நான் தூங்குவதில்லை. போன வாரம் பொறுமை இழந்து அவனை அடித்துவிட்டேன். அன்று இரவெல்லாம் அழுதேன். அவனுக்கு மனநலப் பிரச்சினை ஏதாவது இருக்குமா? இப்போது அவனுக்குச் சளியும் பிடித்திருக்கிறது. பாப்பாவிடமிருந்து பிரித்து வைக்க வேண்டுமா?

பதில்: உங்கள் மகனுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுதியிருப்பது எல்லாமே, தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டில் இந்த வயதுக் குழந்தைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பதுதான்.

அவன் பக்கத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 வாரக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு 25 நிமிடம் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், ஐந்து மணி நேரம் வரை ஆகிறது. ஏப்பம் விட வைப்பது, டயபர் மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் தனி. ஐந்து வாரம் முன்பு வரை அந்த மடி முழுக்க அவனுடையது. இப்போது நீங்கள் கண்ணெதிரே இருக்கிறீர்கள், ஆனால் கிடைக்கவில்லை. 'எனக்கு ஏக்கமாக இருக்கிறது' என்று சொல்ல அவனிடம் இன்னும் வார்த்தை இல்லை. அதனால் கத்துகிறான், அடிக்க வருகிறான்.

உடையில் சிறுநீர் போவதும் பெரும்பாலும் இதனால்தான். கொஞ்ச நாள் டயபரையே திரும்பப் போட்டுவிடுங்கள். 'பெரிய பையன் இப்படிச் செய்யலாமா' என்ற பேச்சு மட்டும் வேண்டாம். பெரிய பையன் ஆனதுதானே அவனுடைய சிக்கலே. அழுத்தம் கொடுக்காமல் விட்டால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள். ஆனால் சிறுநீர் போகும்போது வலி, காய்ச்சல், மலச்சிக்கல், அல்லது வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, எடை குறைவது என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்போது காரணம் வேறாக இருக்கலாம். நீரிழிவு போன்றவற்றில் தாமதிக்கவே கூடாது.

அவனுக்குத் தினமும் 10 நிமிடம் கொடுங்கள். போன் இல்லாமல், பாப்பா இல்லாமல், அவன் சொல்கிற விளையாட்டு. முடிந்தவரை தினமும் ஒரே நேரத்தில். 'நாளைக்கும் அம்மா வருவாள்' என்று அவனுக்கு உறுதியாகத் தெரிவதுதான் இதில் முக்கியம். அந்த நேரத்தில் பாப்பா சிணுங்கினால், பசியும் வலியும் இல்லையென்றால், ஓரிரு நிமிடம் சிணுங்கட்டும். தவறே இல்லை. அவன் காதில் விழும்படி பாப்பாவிடம் சொல்லுங்கள்: "கொஞ்சம் இரு பாப்பா, இப்போ அண்ணனோட நேரம்." நாள் முழுக்க 'இரு, பாப்பாவுக்குப் பால் கொடுத்துட்டு வரேன்' என்றே கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு, பாப்பாவும் தனக்காகக் காத்திருக்கிறாள் என்று கேட்பது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? என்னிடம் வரும் தாய்மார்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பால் கொடுக்கும் நேரத்துக்கென்றே ஒரு பெட்டியில் சில பொம்மைகளும் படப் புத்தகங்களும் எடுத்து வையுங்கள். மற்ற நேரத்தில் அதைத் திறக்காதீர்கள். பட்டன் பேட்டரி, சின்னக் காந்தம், காசு எதுவும் அதில் இருக்கக் கூடாது. பட்டன் பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். அவனும் மடியில் ஏற வேண்டும் என்றால் பக்கத்தில் ஒட்டி உட்கார வையுங்கள். 'எனக்கும் பால்' என்று கேட்டாலும் பதற வேண்டாம், அதிலும் கெடுதல் இல்லை.

அடிக்கக் கை ஓங்கினால் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்க விடமாட்டேன், பாப்பாவுக்கு வலிக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். நீண்ட அறிவுரை அந்த வயதுக்கு ஏறாது. அப்புறம் அதே கையால் பாப்பாவின் காலை மெதுவாகத் தடவக் காட்டிக்கொடுங்கள். ஒரு நிமிடம்கூட இருவரையும் தனியாக விடாதீர்கள். அவன் கெட்டவன் என்பதால் சொல்லவில்லை. ஆசையாகத் தூக்கப் போய்க் கீழே போட்டுவிடும் வயது அது.

சளியைப் பற்றி. இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொரு தடவையும் பிரித்து வைக்க முடியாது, அப்படிச் செய்தால் அவன் ஏக்கம்தான் கூடும். அவனுக்குக் கை கழுவி விடுங்கள், முத்தம் பாப்பாவின் காலில் மட்டும் என்று பழக்குங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கடையில் கிடைக்கும் சளி மருந்தை இருவருக்குமே நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பாப்பாவுக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 3 மாதத்துக்குள் காய்ச்சலை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு விடும்போது விலா உள்ளிழுப்பது, உதடு நீலமாவது இவையும் அப்படித்தான்.

இனி உங்களைப் பற்றி. ஒரு தடவை அடித்ததால் அவன் வாழ்க்கை கெட்டுவிடாது. "அம்மா அடிச்சது தப்பு" என்று அவனைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள், அவனுக்குப் புரியும். பாப்பாவின் அழுகை 6 வார வாக்கில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்துக்குள் குறையும். அதுவரை கோபம் தலைக்கேறும் நிமிடங்கள் வரத்தான் செய்யும். அப்போது பாப்பாவைத் தலையணை, போர்வை இல்லாத தட்டையான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, மூத்தவனையும் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள். குழந்தையை ஒருபோதும் உலுக்காதீர்கள், மூளையில் இரத்தம் கசியும். தூக்கக் கலக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்கவும் வேண்டாம். அப்படியே கண்ணயர்ந்தால் பாப்பாவுக்கு மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

இரவில் 4 மணி நேரமாவது சேர்ந்தாற்போல் நீங்கள் தூங்க வழி செய்யச் சொல்லி கணவரிடம் கேளுங்கள். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவரால் செய்ய முடியும்.

பிரசவத்துக்குப் பின் வரும் சாதாரண மன வாட்டம் 2 வாரத்துக்குள் போய்விடும். உங்களுக்கு 5 வாரம் ஆகிறது. பெரும்பாலான நாள் அழுகை வருகிறதா, பாப்பா தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா, எதிலும் மனம் ஒட்டவில்லையா? இதில் ஏதாவது இருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. உங்களையோ குழந்தைகளையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், அன்றைக்கே போக வேண்டும். மருத்துவரிடம் போகும்போது பாப்பாவின் எடையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், போன வாரம் இரவெல்லாம் அழுததை அப்படியே சொல்லுங்கள்.