சர்வரின் நெட்வொர்க் கார்டு அடிக்கடி விழுகிறது, ரீபூட் செய்தால்தான் எழுகிறது. விர்ச்சுவலைசேஷனுக்கு (ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் முறைக்கு) மாறினால் தீருமா?

தீராது. விர்ச்சுவல் மெஷின்களின் போக்குவரத்தும் கடைசியில் அதே கார்டு வழியாகத்தான் வெளியே போகிறது. இப்போது கார்டு விழுந்தால் ஒரு சர்வர் போகும். அதன்மேல் ஐந்து மெஷின்களை ஏற்றிவிட்டால் ஐந்தும் சேர்ந்து போகும். முதலில் கோளாறைப் பிடியுங்கள். உங்களுடையது லினக்ஸ் என்று வைத்துச் சொல்கிறேன்.

அடுத்த முறை விழும்போது, தயவுசெய்து உடனே ரீபூட் செய்யாதீர்கள். மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, கர்னல் பதிவையும் (லினக்ஸின் மையப் பகுதி எழுதும் லாக்), ஈத்டூல் (நெட்வொர்க் கார்டின் நிலையைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கட்டளை) காட்டும் வேகத்தையும் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள்.

சிஆர்சி பிழைகள் (வழியில் டேட்டா கெட்டுப்போனதைக் காட்டுபவை) ஏறிக்கொண்டே போனால் கார்டைச் சந்தேகிக்கும் முன் கேபிள், கனெக்டர், ஸ்விட்ச் போர்ட் மூன்றையும் பாருங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும். வேகம் 1000 எம்பிபிஎஸ்-க்குப் பதில் 100 என்று நின்றால் பெரும்பாலும் கேபிள்தான். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000-க்கு, எட்டுக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு நான்கே போதும். கிரிம்ப் செய்த இடத்தில் ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலே இப்படி ஆகும்.

பதிவில் 'டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்' என்று வந்தால் அது வேறு கதை. மதர்போர்டிலேயே இருக்கும் இன்டெல் ஐ217, ஐ218, ஐ219 சிப்கள் இ1000இ டிரைவரோடு ஓடும்போது இது அடிக்கடி வரும். பேக்கப் போல நிறைய டேட்டா வெளியே போகும் நேரத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். ஈத்டூலில் பெரிய கே (-K) ஆப்ஷன் கொடுத்து டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (டேட்டாவைப் பாக்கெட்டுகளாகத் துண்டுபோடுவதைத் தள்ளிப்போடும் வசதிகள்) இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். பாக்கெட்டைத் துண்டுபோடும் வேலை கார்டிடமிருந்து சிபியுவுக்கு வரும். ஜிகாபிட் வேகத்தில் அது ஒரு சுமையே இல்லை. ரீபூட்டில் இந்த மாற்றம் போய்விடும், ஆகவே டெபியன் லினக்ஸ், அல்லது அதன்மேல் அமைந்த விர்ச்சுவலைசேஷன் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் என்றால் இன்டர்ஃபேசஸ் கோப்பில் போஸ்ட்-அப் வரியாக (நெட்வொர்க் எழுந்ததும் தானாக ஓடும் கட்டளையாக) சேர்த்துவிடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், கர்னல் பாராமீட்டரில் (பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பில்) பிசிஐஇ-யின், அதாவது கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதையின், ஏஎஸ்பிஎம் மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள்.

எல்எஸ்பிசிஐ (மாட்டியிருக்கும் கார்டுகளைக் காட்டும் கட்டளை) தரும் பட்டியலிலேயே கார்டு இல்லையா? பவர் கேபிளையே பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் மாட்டுங்கள். வெறும் ஷட்டவுன் போதாது. ஸ்டாண்ட்பை மின்சாரம் கார்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

எப்படியானாலும் வேறு சிப் உள்ள இரண்டாவது கார்டு ஒன்றைப் போட்டு, ஆக்டிவ்-பேக்கப் முறையில் (ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும்) பாண்டிங் செய்யுங்கள், அதாவது இரண்டையும் ஒரே இணைப்பாகச் சேருங்கள். ஸ்விட்ச்சில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரே கார்டின் இரண்டு போர்ட்கள் இதற்கு உதவாது, சிப் செத்தால் இரண்டும் சாகும். கார்டு விழுந்ததைப் பாண்டிங் இரண்டு வழிகளில் கண்டுபிடிக்கும். எம்ஐஐ கண்காணிப்பு லிங்க் (கேபிள் இணைப்பு) இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். லிங்க் இருந்தும் பாக்கெட் போகாத நிலையை வேறொரு முகவரிக்குக் கேள்வி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் ஏஆர்பி கண்காணிப்புதான் கண்டுபிடிக்கும். புதுக் கார்டு மாட்டியதும் பிசிஐ எண் மாறி, பழைய இன்டர்ஃபேஸின் பெயரும் மாறக்கூடும். பிரிட்ஜ் (விர்ச்சுவல் மெஷின்களைக் கார்டோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) பழைய பெயரைத் தேடி நெட்வொர்க்கே வராது. மேக் முகவரியை (கார்டின் தனி அடையாள எண்ணை) வைத்துப் பெயரை முன்பே நிலைப்படுத்துங்கள்.

இதற்குப் பிறகு விர்ச்சுவலைசேஷன் நல்ல முடிவுதான். விர்ச்சுவல் மெஷின் பார்ப்பது விர்ட்டியோ என்னும் மென்பொருள் கார்டை மட்டுமே; அடியில் எந்த கார்டு இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஹோஸ்ட் (மெஷின்களைத் தாங்கும் சர்வர்) செத்தால் வேறு பெட்டியில் பேக்கப்பிலிருந்து எழுப்பலாம், அந்த பேக்கப் இதே ஹோஸ்ட்டில் இல்லாதவரை. கார்டை நேராக மெஷினுக்குக் கொடுக்கும் பாஸ்த்ரூ வேண்டாம். மெஷின் மறுபடி அந்த ஹார்ட்வேரோடு கட்டுப்பட்டுவிடும், லைவ் மைக்ரேஷனும் (ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றும் வசதி) போகும்.